நாலாவது பெயர்

எங்கள் ரொக் இசைக்குழுவின் பெயரை ட்ரம்மின் முகத்தில் எழுதித் தந்தவர், கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் விளம்பரப் பலகை எழுதுபவர். தூரிகையில் மிஞ்சும் பெயின்டை இடுப்பில் கட்டிய சாரன் ஓரத்தில் துடைப்பது அவர் பழக்கம். நாங்கள் கைவிட்ட மூன்று பெயர்களின் சிவப்பும் பச்சையும் நீலமும் அந்தச் சாரனில் வரிசையாக இருந்தன.

விளையாட்டுக் கழக அறையில், அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட மாலை நேரத்தில் பயிற்சி எடுத்த காலம் அது. அந்தக் கொஞ்ச நேரத்திலும் பாதி, பெயர் மாற்றும் கூட்டத்திலேயே போய்விடும்.

நாலாவது பெயரோடு போனபோது அவர் கேட்டார்.

"எத்தின பாட்டு இரிக்கி தம்பி?"

"ரெண்டு, காக்கா."

அவர் சிரிக்கவில்லை. எனாமல் டின்னை மூடிவிட்டு, தண்ணீரில் கரைத்த வண்ணத்தை எடுத்தார்.

"இது கழுவினாப் போயிரும். அடுத்த பேருக்கு லேசு."

இதுதான் கடைசிப் பெயர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

கழக விழாவில் முதல் பாட்டிலேயே மழை பிடித்தது. பெயர் கரைந்து ட்ரம்மில் வழிந்தது. சனம் எழும்பி ஓடியது. அவர் மட்டும் குடையோடு முன்வரிசையில் கடைசிவரை இருந்தார்.

எங்களுக்கு வாய்த்த அந்த ஒரே ரசிகர் பாட்டைக் கேட்டாரா, பெயர் கரைவதைப் பார்த்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.