பால்கோவா பெட்டியில் ஓர் ஊக்கு

அந்த அட்டைப்பெட்டியின் மூடியில் இன்னும் ஓர் ஊக்கு குத்தியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வந்த பெட்டி. பால்கோவா தீர்ந்த அன்றே அதற்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிரந்தர உத்தியோகம் கிடைத்துவிட்டது. சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவைப் பெரிய காந்தங்களை வைத்துச் சிறிய அளவில் நடத்திப் பார்க்கும் இயந்திரம் எங்களுடையது. ராஜபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. ஒரு சோதனைப் பருவம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அதைத் திறந்து, துடைத்து, உட்சுவரில் தேய்ந்த கரி ஓடுகளை மாற்ற வேண்டும். உளுந்து வடை போல வளைந்து போகும் அந்தக் கலத்துக்குள் குனிந்துதான் நகர முடியும். சின்னத் துணுக்கு உள்ளே விழுந்து கிடந்தாலும் சோதனை கெட்டுவிடும் என்பதால், போகிறவர் மோதிரம், கடிகாரம், பேனா எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மேடம். என்னைவிட வயதில் இளையவர்; ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர் அதிகாரி, நான் ஃபிட்டர். ஆனாலும் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அண்ணே என்ற வாயாலேயே, சட்டைப்பையில் பேனா மூடியோடு நான் உள்ளே போய்வந்ததற்கு, ஒரு மாதம் கலத்துக்குள் நுழையக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். தளவாய்புரத்துக்காரனுக்கு ரோஷம் இல்லாமலா? ஒரு வாரம் அவர் நீட்டிய பால்கோவாவைத் தொடவில்லை. எட்டாம் நாள் தொட்டுவிட்டேன்.

அடுத்த முறை கலத்தைத் திறந்தபோது உட்சுவர் ஓடுகள் முழுவதையும் புது வகைக்கு மாற்றினோம். வடிவமைத்தவரும் மேடம்தான், எங்களோடு உள்ளே குனிந்து பொருத்தியவரும் அவர்தான். கலத்தை மூடி, காற்றை உறிஞ்சத் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, ஒரு ஊக்கக் காணும்."

தாலிச் சங்கிலியில் இரண்டு மூன்று ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். கடைசி நாள் உள்ளே வேலை செய்கையில், ஓட்டின் முனை பட்டு அவருடைய மேலுடையின் கைப்பகுதி கிழிந்திருக்கிறது. வீட்டில் செய்வது போலவே, யோசிக்காமல் ஓர் ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பட்டியல் போட்ட நாங்கள் யாருமே ஊக்கை ஒரு பொருளாக நினைக்கவில்லை. சலவைக்குப் போட்ட மேலுடையை உதறிப் பார்த்தோம். கிழிசல்தான் இருந்தது.

அடுத்த வாரம் வெளியூர் விஞ்ஞானிகள் வருவதாக இருந்தது. சோதனை நல்லபடி நடந்தால் இயந்திரத்தின் முழுப் பொறுப்பும் மேடத்துக்குத்தான் என்று பேச்சு. திறந்தால் எல்லாம் தள்ளிப்போகும்.

"ஒரு ஊக்குதான மேடம்? சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். பிரியத்தில்தான் சொன்னேன், இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"காந்தத்தப் போட்டா அது எங்க போய் ஒட்டும்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? ஒரு பேனா மூடிக்கு ஒங்கள ஒரு மாசம் வெளிய நிறுத்துனேன். எனக்கு மட்டும் தனி நியாயமா?"

பதிவேட்டை எடுத்து, தன் பெயரை எழுதி, தனக்கும் ஒரு மாதத் தடை என்று கையெழுத்துப் போட்டார். இயக்குநர் கத்தித் தீர்த்தார். பொறுப்பு வேறொருவருக்குப் போனது. கலத்தைத் திறந்து நான் உள்ளே போனேன்; அவர் வாசலில் விளக்குப் பிடித்தார். "கீழ் வரிசைய பாருங்கண்ணே, செத்த மெதுவா." அங்கேதான் இருந்தது, பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்கு மாதிரி, இரண்டு ஓடுகளுக்கு நடுவே.

மூடும் முன், வேலையை முடித்தவரே கடைசியாக உள்ளே ஒரு சுற்று பார்ப்பது வழக்கம். தடை இருந்ததால் அதையும் என்னிடம் விட்டார்.

"எப்பிடிண்ணே இருக்கு?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"நல்லாருக்கு மேடம்" என்றேன்.

பிறகு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த ஓடுகளோ எத்தனையோ சோதனைகளைத் தாங்கி நின்றன. இப்போது புது மேம்பாட்டு வேலைக்கு, முழுப் பொறுப்போடு திரும்பி வந்திருக்கிறார். இந்த முறை மாற்றியது வேறு பாகங்களை. அவருடைய ஓடுகளில் கைவைக்கவில்லை. ஓய்வை நெருங்கிவிட்ட எனக்குப் பெட்டிக் காவல்.

நேற்று, மூடும் முன் சுற்றிப் பார்க்க வந்தார். மோதிரத்தையும் கடிகாரத்தையும் போட்டார். பிறகு, நான் கேட்காமலேயே சங்கிலியை வெளியே எடுத்து ஊக்குகளைக் கழற்றினார்.

"மூணு. எண்ணிக்கோங்கண்ணே."

எண்ணினேன், எழுதினேன். மூடியில் இருந்த பழைய ஊக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்து உள்ளே போனார். விளக்கு வெளிச்சம் ஓடு ஓடாக நகர்ந்தது.

"எப்பிடி இருக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னது சரிதாண்ணே. நல்லாத்தான் இருக்கு."

அவர் வெளியே வர அவசரப்படவில்லை. நானும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.