ஈரமணலில் நிறுத்திய கார்

எழுபதுகளில் என் கணவர் பழைய கார் ஒன்று வாங்கினார். அருப்புக்கோட்டையில் இருந்த எங்கள் கடைக்கு ஒருநாள் லீவு விட்டு, அவரும் நானும் அவருடைய அக்காவான என் மதினியுமாக விடியற்காலையில் கடல் பார்க்கக் கிளம்பினோம். சாயல்குடி தாண்டி வேம்பார்ப் பக்கம் திரும்பியதும், பனைகளுக்கு நடுவே கடல் தெரிவதும் மறைவதுமாக வந்தது. மதினி ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோலக் கத்தினார்.

காரை மேட்டிலேயே நிறுத்தலாம் என்றார் கணவர். நான் விடவில்லை. நரிக்குடிக் கண்மாய்க் கரையில் வளர்ந்தவள் நான். தண்ணீர் இறங்கிய தரையைப் பற்றி எனக்கா சொல்லித்தருவது?

"தண்ணி வத்தி மணலு கெட்டியாக் கெடக்கு. கீழ எறக்குங்க."

எங்கள் கண்மாயில் வற்றிய தண்ணீர் ஐப்பசி மழைக்கு முன்னால் திரும்பியதே இல்லை.

புளியோதரையைப் பாதி தின்பதற்குள் அலை சக்கரத்தைத் தொட்டுவிட்டது. "ஏ ஆத்தி, போன தண்ணி திரும்பி வருது!" என்று மதினி அலறினார். கணவர் வண்டியைக் கிளப்ப, நாங்கள் இருவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினோம். தள்ளியதைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

ஒருவழியாகக் கார் மேடேறியது. சாயங்காலம் ஊர் திரும்பும்போது, திருச்சுழிப் பக்கம் கணவர் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு கண்மாய் ஓரம் காரை நிறுத்தினார்.

"குறுக்கால போயிருவமா? இல்ல, தண்ணி வந்துருமா?"

"வரட்டும்" என்றேன். "வந்தா, காரை நான் ஒருத்தியாவே தள்ளுறேன்."