க்ளட்ச் சாரின் காய்க்காத பூசணி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "க்ளட்ச மிதி, க்ளட்ச மிதி" என்று நாள் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று எந்தப் புண்ணியவானோ முடிவுகட்டி, க்ளட்ச் சார் ஆக்கிவிட்டான். அவருடைய காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், இன்னொன்று இவர் காலடியில். முதலாவது எதற்கு இருக்கிறது என்பது அந்தக் காரில் உட்கார்ந்த யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதை மிதிக்க இவர் விட்டதே இல்லை.

மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் கார் கற்றுக்கொள்ள உட்கார்ந்தவர்தான். தெருமுனை தாண்டுவதற்குள் கதவைத் திறந்து இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிறார். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களை நல்ல வார்த்தை சொல்லி உள்ளே அனுப்புவது அவர் வேலை. வாயை மூடவே தெரியாத ஒருவரோடு வீட்டில் காலம் தள்ளுவதற்கு இது எவ்வளவோ தேவலை என்பார்.

இந்தப் பருவத்தில் க்ளட்ச் சாரைப் பிடித்து ஆட்டியது பூசணி. அந்த வட்டாரத்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். விடிந்தால் போதும், படம் படமாக வந்து விழும். மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கத்தரிக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தபால்காரர் உடைந்த வாளியில் வெண்டை போட்டிருந்தார். ஒவ்வொரு காயையும் தன் விரலோடு சேர்த்துவைத்துப் படம் பிடித்து அனுப்புவார், காய் விரலைத் தாண்டிய அன்று குழுவே அமர்க்களப்பட்டது. தையல்கார அம்மா பீர்க்கையை ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டு, "வீட்டுக்குள் வெளிச்சம் வரவில்லை, காய் வருகிறது" என்று எழுதினார். தக்காளி இல்லாதவர்களை மனிதராகவே மதிக்க மாட்டார்கள். க்ளட்ச் சார் அனுப்பியதெல்லாம் பூசணிப் பூவின் படம். இன்றைக்கும் பூ, நாளைக்கும் பூ. "காய் எப்போ சார்?" என்று தபால்காரர் கேட்டதைச் சாதாரண விசாரிப்பாக அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று இரண்டு பேருக்குக் கார் சரியாக வரவில்லை என்று திட்டு விழுந்தது.

காய்தான் இல்லையே தவிரக் கொடி ஜாம் ஜாம் என்று வளர்ந்தது. தொட்டியிலிருந்து இறங்கி, மொட்டை மாடியில் பாதியை அடைத்து, துணி காயப்போடும் கயிற்றில் ஏறி, ஒருநாள் மனைவியின் மருத்துவமனைச் சீருடையைச் சுருள் போட்டுப் பிடித்துக்கொண்டது. பிரித்து எடுத்ததில் கைப்பக்கம் கிழிந்தது. மனைவி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு காய் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். இல்லன்னா தொட்டி எல்லாம் கீழ இறங்கணும். மாடி முழுக்க என் கயிறுதான்."

"காட்டினா?"

"காட்டினா கயிறு இறங்கும். நான் வீட்டுக்குள்ளயே காயப்போட்டுக்கறேன்."

"எழுதி வச்சுக்கோ," என்றார் க்ளட்ச் சார். அந்த மாடியைப் பறிகொடுத்தால் தனக்கென்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த இரண்டாவது பிரேக் மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும்.

பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் பொடி பெண் பூவில் படிந்தால் பிஞ்சு பெருக்கும், இல்லாவிட்டால் பழுத்து விழுந்துவிடும். தேனீ செய்ய வேண்டிய வேலை இது. அவ்வளவு உயரத்துக்குத் தேனீ ஏறி வருவதாகத் தெரியவில்லை, ஆகவே க்ளட்ச் சாரே தேனீ ஆனார். காலையில் எழுந்ததும் ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு போய் இலை, பூ, மொட்டு என்று பாக்கி வைக்காமல் சொட்டச் சொட்டக் குளிப்பாட்டுவார். அழுக்குப் பூவில் எப்படிக் காய் பிடிக்கும் என்பது அவர் கட்சி. பிறகு ஓவியம் வரைகிற பிரஷால் ஆண் பூவைத் தொட்டுப் பெண் பூவில் தடவுவார். இவ்வளவு செய்தும் பிஞ்சு விழுந்தது. விழ விழக் குளியலைக் கூட்டினார்.

மனைவி எப்போதாவது குவளைத் தண்ணீரோடு அந்தப் பக்கம் வந்தால் தீர்ந்தது. "மேல ஊத்தாத, வேர்ல ஊத்து. வேர்ல இல்ல, வேருக்குப் பக்கத்துல. ஐயோ, அந்தப் பக்கம் இல்ல." மனைவி குவளையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

மாதக் கடைசி நெருங்கியபோது ஒரே ஒரு பெண் மொட்டு பாக்கி இருந்தது. மறுநாள் காலை விரியும். மறுநாள்தான் ஓட்டுநர் உரிமத் தேர்வு. விடியும் முன்பே ஆட்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்க வேண்டும். திரும்பி வருவதற்குள் பூ மூடிவிடும். மறுநாள் மைதானத்தில் நின்றார், ஆனால் மனசு மாடியில் கிடந்தது. கடைசியில் மானம் ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மனைவிக்கே போன் போட்டார்.

"ஒரு உதவி பண்ணுவியா? இன்னிக்கு அந்தப் பூவ நீ பார்த்துக்கணும்."

பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததற்குத் தாவினார்.

"மொதல்ல ஸ்பிரேயர எடு. எல்லாத்தையும் நல்லா நனைச்சு விடு. அப்புறம் பிரஷ்ஷு..."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்று போன் வைக்கப்பட்டது.

வைக்காமல் என்ன செய்வார்? தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து? எதிர்க்கட்சியிடம் போய் ஓட்டுக் கேட்ட தன் புத்தியை நொந்துகொண்டார் க்ளட்ச் சார்.

சாயங்காலம் மாடிக்குப் போனார். ஸ்பிரேயர் அவர் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. பிரஷும் வைத்த இடத்தில் இருந்தது. ஆனால் பெண் பூவின் பக்கத்தில், இதழெல்லாம் உரிக்கப்பட்ட ஒரு ஆண் பூ நடுத்தண்டோடு கிடந்தது. இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

"நீயா?"

"துணி எடுக்கப் போனேன். அப்படியே ஒரு தேய் தேய்ச்சுட்டு வந்தேன்."

"நனைச்சியா?"

"எதுக்கு நனைக்கணும்? மாவு மாதிரி பொடி. தண்ணி பட்டா கரைஞ்சு போயிடாதா?"

நனைக்காமல் எங்கே பிடிக்கப் போகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பிஞ்சு பழுக்கவில்லை, விழவுமில்லை. எலுமிச்சை அளவானது, பிறகு உள்ளங்கையில் அடங்க மறுத்தது. ஒரு காலை அதன் எதிரே குந்தியிருந்தவருக்கு மெல்ல விளங்கியது. இத்தனை நாளும் பிஞ்சுகளைக் கழுவிக் கழுவிக் கொன்றவர் வேறு யாருமில்லை. வெட்கமாக இருந்தது. நல்லவேளை, சுற்றிலும் பார்ப்பதற்குச் செடிகள் மட்டும்தான் இருந்தன.

துணி காயப்போட வந்த மனைவியிடம் கேட்டார். "பந்தயத்துல தோத்துடுவேன்னு தெரிஞ்சும் ஏன் செஞ்ச?"

"நீங்க கேட்டீங்களே." ஒரு துணியை உதறிப் போட்டார். "இதைப் பண்ணாத, அதைப் பண்ணாதன்னுதான் நீங்க சொல்லி எனக்குத் தெரியும். உதவி பண்ணுவியான்னு என்னைக் கேட்டது அன்னிக்குத்தான். எனக்குந்தான் செடின்னா ஆசை. நீங்க எங்க தொட விட்டீங்க?"

எத்தனையோ முறை கீழே வைக்கப்பட்ட அந்தக் குவளை க்ளட்ச் சாரின் கண்முன் வந்து நின்றது.

மனைவி சொன்ன சொல் தவறாமல் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். "மாடி உங்களுக்கு. ஆனா ஒண்ணு, காலையில பூ மூடற வரைக்கும் நீங்க மேல வரக் கூடாது."

குழுவுக்குப் படம் போனது. யார் கைவண்ணம் என்று தையல்கார அம்மா கேட்டதற்கு, "என் மனைவி" என்று எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அதானே பார்த்தேன்," என்று தபால்காரரிடமிருந்து உடனே பதில் வந்தது.

ஆகவே இப்போது காலை நேரங்களில் க்ளட்ச் சார் கீழே தேநீரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். மேலே தொட்டி நகரும் சத்தம் கேட்டால் கால் தானாகத் தரையை மிதிக்கிறது. ஒருநாள் மாடிப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, மண்ணு காஞ்சிருக்கு. தண்ணி இப்ப ஊத்தட்டுமா, சாயங்காலமா?"

ஒரு மணி நேரத்துக்குப் பேச அவரிடம் சரக்கு இருந்தது. நாக்கு நுனிவரை வந்ததைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினார்.

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்."

மனைவி குவளையை அப்படியே வைத்துவிட்டு, படியிறங்கி வந்து, அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"