வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுச் சீட்டு

என் மகள் கனடாவில் இருக்கிறாள். போன கிழமை டெலிபோனில் ஒரு யோசனை கேட்டாள். பிள்ளைகளோடு பெரிய விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்கு ஐந்து நாள் போகிறார்களாம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னுக்கே காசு கட்டிவிடலாமாம். கட்டுவது நல்லதா, அன்றன்று வாங்கிச் சாப்பிடுவது நல்லதா என்று கேட்டாள். ராட்டினம் ஏறப் போகிற இடத்தில் சோற்றுக்கு இத்தனை யோசனையா என்று மருமகன் பின்னால் நின்று சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது டெலிபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்தில் பிழை இருக்கும். ஞாபகத்தில் பிழை இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஆறு முடிந்து சில மாதம். கொட்டாஞ்சேனையில் வேதக்கோயில் மணி காதுக்குள் அடிக்கிற தூரத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு, முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய், அதுதான் கொழும்பில் தோட்டம். ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரைவிட்டு ஓடின சனம் திரும்பி வந்திருந்தது. அரிசி மட்டும் திரும்பி வரவில்லை. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசி கிழமையில் மூன்று நாளுக்குத்தான் காணும். மிச்ச நாளுக்குக் கோதுமை மாவும், தொண்டையில் இறங்காத ஏதோ ஒரு தானியமும்.

அப்பா கப்பலில் நெருப்பறை வேலை செய்தவர். கரி அள்ளிப் போடுகிற வேலை. கைகள் எப்போதும் சுட்ட கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். சண்டைக் காலத்தில் கப்பல்காரருக்கு ஒரு கட்டளை இருந்தது. கப்பல் எந்த நாள் புறப்படுகிறது, எந்தத் திசைக்குப் போகிறது என்று பெண்சாதிக்குக்கூடச் சொல்லக்கூடாது. அம்மாவும் கேட்கமாட்டார். ஒரு வாய் திறந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கிற இடத்தில் இருந்தவர்கள் நாங்கள்.

அந்த நேரத்தில்தான் பொரளைப் பக்கம் ஒரு வெட்டவெளியில் கார்னிவல் வந்தது. சுழலுகிற மரக்குதிரை, வானத்துக்குத் தூக்குகிற சக்கரம், கிணற்றுச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மனுசன், எல்லாம் இருந்தது. இரவில் வெளிச்சம் காட்டக்கூடாத காலம் என்பதால் காலையில் திறந்து பொழுது சாய முன்னம் மூடுவார்கள். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கென்று ஒரு சாப்பாட்டுச் சீட்டும் விற்றார்கள். மஞ்சள் மட்டை. முன்னுக்கே காசு கட்ட வேண்டும். காலையில் பணிஸ் ரொட்டியும் தேத்தண்ணியும், மத்தியானம் சோறும் கறியும், பின்னேரம் திரும்பவும் தேத்தண்ணி. ஒவ்வொரு வேளைக்கும் மட்டையில் ஒரு மூலையை வெட்டிக்கொள்வான். கூப்பன் இல்லாமல் வயிறு முட்டச் சோறு என்று தோட்டம் முழுக்க அதே கதை.

எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு வராது என்று எனக்கு நிச்சயம். முன்னுக்குக் காசு வாங்குகிறவன் பின்னுக்கு ஏமாற்றுவான் என்பது அப்பாவின் வேதம். ட்ராமில்கூட இறங்குகிற நேரத்தில்தான் காசை நீட்டப் பார்ப்பார். அம்மாவோ ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் ராசாவுக்கும் போதும் என்கிறவர். அப்படிப்பட்ட அப்பா ஒரு புதன்கிழமை பின்னேரம் நான்கு மஞ்சள் மட்டைகளோடு வந்து நின்றார். அம்மா மட்டையைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு ஒண்டுக்கும் விலை கேக்காம இருந்து பாப்பம்” என்றார் அப்பா.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற கெட்டிக்காரி. அதில் அச்சடித்திருந்த நாளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வெள்ளிக்கிழமை.

அம்மா தலையில் கை வைத்தார். “வெள்ளியோ? உங்களுக்கு என்ன விசரோ? சோறு கறி எண்டா அவன் என்ன கறி தருவான், மாட்டிறைச்சிதானே!”

எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். ஆண்டவர் பாடுபட்ட நாள், மாமிசம் வாயில் படக்கூடாது, மீன் மட்டும் ஆகும். பட்டால் கோயிலைப் பார்க்கிற சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்த விசயம் அது.

“மறந்துபோனன்” என்றார் அப்பா.

“கோயில் மதிலுக்குப் பக்கத்தில பிறந்தவர் வெள்ளிக்கிழமைய மறந்தாராம். போய் ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திக்கொண்டு வாங்க.”

“மாத்த ஏலாதாம்.”

நானும் ஞாயிறு வேண்டும் என்று அழுதேன். இறைச்சி சாப்பிட்டு எத்தனையோ மாதம். காசு கட்டிய இறைச்சி கண்முன் வந்து, தொடக்கூடாது என்றால் எந்தப் பிள்ளை அழாது?

ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கு அடுத்த நாள் அப்பாவின் கப்பல் புறப்பட்டது. அது திரும்பி வரவில்லை. எங்கள் அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. அவருக்கு அது தெரியும். எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை புறக்கோட்டைக்கு நடந்து, அங்கிருந்து ட்ராமில் பொரளைக்குப் போனோம். அம்மா விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. விடியவே எழும்பி ரொட்டி சுட்டு, கருவாடு பொரித்து, துணியில் கட்டி மடியில் வைத்திருந்தார். கார்னிவல் வாசலில் நின்றவன் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, “கேம எதுலட்ட பே, நோனா” என்றான். சாப்பாட்டுச் சாமான் உள்ளே கொண்டுபோகக்கூடாதாம். உள்ளே அவர்கள் விற்கிறார்கள் அல்லவா. அம்மா சிங்களத்திலும் தமிழிலும் சண்டை பிடித்தார். அவன் இரண்டு பாசையிலும் அசையவில்லை. பொட்டலம் வாசலில் நின்றது. கருவாட்டு மணம் மட்டும் அம்மாவின் சேலையில் எங்களோடு உள்ளே வந்தது.

காலைப் பணிசில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் மூலை போனது. மத்தியானம் நீளப் பந்தலில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். தட்டில் வெள்ளைச் சோறு மலைபோல் வந்தது. நாங்கள் வாய் திறக்குமுன்பே பரிமாறுகிறவன் நான்கு தட்டிலும் மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றிவிட்டான். மீன் இல்லையா என்று அம்மா கேட்டார். “நே நோனா, ஹரக் மஸ் விதரய்” என்றான். மாட்டிறைச்சி மட்டும்தான் என்பதைச் சந்தோசமாகச் சொன்னான். அந்தப் பந்தலில் எங்களைத் தவிர எல்லாருக்கும் அது நல்ல செய்திதானே.

ஏழு வயது நிறையாத பிள்ளைக்குச் சுத்தபோசனம் கிடையாது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கோயில் சட்டம் தலைகீழாகத் தெரியும். தம்பியின் தட்டை அவன்முன் வைத்துத் தன் தட்டையும் அவன் பக்கம் தள்ளினார். அவன் முழங்கை வரை குழம்பு வழியத் தின்றான். “அக்கா, மெத்தெண்டு இருக்கு. கொழுப்பும் இருக்கு” என்று எனக்கு வர்ணனை வேறு. அவன் காலை மேசைக்குக் கீழே மிதித்தேன்.

“நான் கப்பல்காரன், கடலில போறவனுக்குச் சுத்தபோசனத் தடையில்ல” என்று அப்பா சோற்றில் கை வைத்தார்.

“கப்பல் கடலிலதானே நிக்குது. நீங்க பொரளையில இருக்கிறீங்க” என்றார் அம்மா.

அப்பா கையை எடுத்துவிட்டார். எழும்பிப் போய்ப் பரிமாறுகிற இடத்தில் நெடுநேரம் நின்றார். “மல்லி, மல்லி” என்று அவனைத் தம்பி முறை கொண்டாடிக் கெஞ்சியது எனக்குக் கேட்டது. எங்கள் அப்பா யாரிடமும் கெஞ்சுகிறவர் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் மூன்று தட்டில் வெறுஞ்சோறும் பருப்பும் கொண்டுவந்தார். ஏதோ பெரிய வெற்றிபோல அதை எங்கள்முன் வைத்துவிட்டு, “சாப்பிடுங்க, வேணுமெண்டா இன்னும் தருவான்” என்றார். அம்மா மூன்று வாய் சாப்பிட்டார். பருப்பும் சோறும் தின்னவா முன்னுக்கே காசு கட்டினீர்கள் என்று நான்காவது வாயில் கேட்டார்.

அது அதோடு முடிந்திருக்கும். எங்களுக்கு எதிரே தெமட்டகொடையிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளைகளோடு இருந்தாள். புருசனுக்கு ரயில்வேயில் வேலை, நல்ல வாய்க்காரி. தானாகவே கதை தொடங்கினாள். “எங்களுக்கு நாள் போன புதன், அக்கா. சின்னவனுக்குக் காய்ச்சல். இவர் வந்து வாசல்ல சொன்னாரு. ஒரு சத்தம் இல்லாம இண்டைக்கு மாத்திக் குடுத்தாங்க.”

அம்மா தட்டிலிருந்து கையை எடுத்தார். அப்பாவை நேராகப் பார்த்தார்.

“மாத்த ஏலாதெண்டீங்க.”

அப்பா பருப்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார்.

“கேட்டீங்களோ, இல்லையோ?”

“கேக்கேல்ல.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பகல் முழுக்க அம்மாவின் வாய் ஓயவில்லை. சோம்பேறி என்றார். வாயிருந்தும் ஊமை என்றார். நடந்துபோய் ஒரு வார்த்தை கேட்கப் பஞ்சிப்பட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போட்ட மனுசன் என்றார். ரயில்வேக்காரன் பெண்சாதி முன்னால் மானம் போனது அம்மாவுக்கு இறைச்சி போனதைவிடப் பெரிது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “ஓம், என்ர பிழைதான்” என்றார். ஒரு சொல் போதும், அம்மாவின் வாய் அடைத்திருக்கும். அந்தச் சொல் அவரிடம் இருந்தது. சொல்லக்கூடாது என்றார்கள், அவர் சொல்லவில்லை.

பிறகு எங்களை மரக்குதிரையில் ஏற்றினார். தம்பிக்கு வெள்ளைக் குதிரை, எனக்குக் கறுப்பு. தான் கீழே நின்றார். ஒவ்வொரு சுற்றிலும் நான் அவரைத் தாண்டும்போது கை தூக்கிக் காட்டினார். எனக்குக் கோபம். ஒவ்வொரு சுற்றிலும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். இறங்கினதும், இன்னொரு முறை ஏறுகிறாயா மகள் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு ஏற ஆசை. இருந்தும் வேண்டாம் என்றேன்.

பின்னேரத் தேத்தண்ணியைக் குடித்து மூன்றாவது மூலையையும் வெட்டக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். வாசலில் எங்கள் பொட்டலத்தை நாய் இழுத்துப் போட்டிருந்தது. ட்ராமில் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தும் கதைக்கவில்லை.

நான்கு ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கிலீசுக் கடிதம். கோயில் சாமிதான் வாசித்துச் சொன்னார். கப்பல் கடலில் மூழ்கிப் போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள். அம்மா அழுவார் என்று சாமி காத்துக்கொண்டு நின்றார். அம்மா அழவில்லை. கப்பல் இங்கிருந்து புறப்பட்டது எந்த நாள் என்று மட்டும் கேட்டார். ஆள் ஏறின பிறகும் கப்பல் துறைமுகத்தில் நாள்கணக்கில் நிற்பதுண்டு. சாமி பார்த்துச் சொன்னார். அம்மா விரல் விட்டு நாளை எண்ணினார். “சனியோ?” என்று கேட்டார். திரும்பவும் எண்ணிவிட்டு, “சனியோ, சாமி?” என்றார். அதன் பிறகு அம்மா இருந்த இருபத்தெட்டு வருசத்தில் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவ்வளவு பேசின வாய்.

நானும் அம்மாவிடம் ஒன்று சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அப்பா கரையில் இருக்கிற நாளில் ஒவ்வொரு காலையும் அம்மா அவருக்கு முன்னம் எழும்பித் தேத்தண்ணி வைப்பார். படி இறங்க முன்னம் அவர் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவார். எந்தக் காலை கடலுக்குப் போகிற காலை என்று தெரியாததால் எல்லாக் காலையும் போடுவார். அந்தச் சனிக்கிழமை விடிய அம்மா எழும்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரையா, கோபமா, தெரியாது. எனக்கு விழிப்பு வந்து பார்த்தபோது அப்பா சட்டை போட்டுக்கொண்டு, துணி மூட்டையைக் கையில் பிடித்து, அம்மாவின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். நெடுநேரம் நின்றார். குனிந்தார், பிறகு நிமிர்ந்தார்.

நான் பார்க்கிறதை அவர் கண்டார். அம்மாவை எழுப்பட்டா என்று கையால் சைகை காட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கெட்டிக்காரி அல்லவா. அம்மா எழும்பினால் நேற்று விட்ட இடத்தில் தொடங்குவார், அதற்குப் பயந்து மனுசன் சத்தமில்லாமல் தப்பி ஓடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம்கூடப் போய்விட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, சீக்கிரம் போங்கள், போங்கள் என்று கதவைக் காட்டினேன். இன்றைக்கு அப்பாவை ஏச்சிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு திரும்பிப் படுத்து நன்றாக நித்திரை கொண்டேன்.