வாங்க மறுத்த பாக்கி

போன ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலையில் பால் கணக்கைக் குறிக்கக் காலண்டர் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது.

"கரண்டு பில் பதினைந்துக்குள். லாக்கர் சாவி அரிசிப் பானையில். இஸ்திரிக்குக் கொடுத்த சட்டை மூன்று. நித்யாவுக்கு அவள் அம்மா நகை முழுதும். என்னை ராசிங்காபுரத்துக்கு எடுத்துப் போக வேண்டாம். போடியிலேயே முடித்துவிடவும்."

நித்யா நான்தான்; ராசிங்காபுரம் எங்கள் பூர்வீக ஊர். பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அது என்ன பட்டியல் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நம் ஆத்தா கோயில் மலரில் அனுபவம் எழுதச் சொன்னபோது தயங்கினேன். கேட்டது எல்லாம் கிடைத்தது என்று எழுதுகிறவர்கள் நடுவில் நான் என்ன எழுத? எங்கள் கடன் தீரவில்லை. வீடு போய்விட்டது. ஆனாலும் நான் கேட்ட ஒன்றை அவள் கொடுத்தாள். கொடுத்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். ஏலக்காய் உலர்த்தும் டிரையர்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறினால் காய் உலர்த்தும் ஸ்டோர் ஒவ்வொன்றாகப் போய்விட்டுப் பொழுது சாயத்தான் இறங்குவேன். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் அப்பாவும் நானும்தான்.

அப்பா மலையில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். இரண்டு கோடை சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியது. ஓடை வற்றியது. செடி தூரோடு காய்ந்து, வைக்கோல் போல் மடங்கிக் கிடந்ததை நானே பார்த்தேன். முதல் கோடைக்குப் பாங்கிக் கடன். இரண்டாம் கோடைக்கு வட்டிக் கடன். இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான்.

அப்பாவை உடைத்தது அது இல்லை. மலையில் அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் ஆறு பேர், தங்கள் காயைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுப்பார்கள். சின்ன மூட்டையாகத் தனியாகப் போனால் ஏலத்தில் விலை கிடைக்காது. அதனால் அப்பா தன் காயோடு சேர்த்து, தன் பெயரில் ஒரே லாட்டாக வைப்பார். பணம் வந்ததும் பிரித்துக் கொடுப்பார். துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். வருடக்கணக்காக நடக்கிற நம்பிக்கை. அந்த முறை ஏலப் பணம் அப்பா கணக்கில் விழுந்த அன்றே, பாங்கி பழைய பாக்கிக்கு எடுத்துக்கொண்டது. அப்பாவின் கடனுக்கு ஆறு பேருடைய பணம் போய்விட்டது.

அன்றிலிருந்து அப்பா பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். எழுப்பினால் எழுவார்.

தேனியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "ஐ.பி. போடுறதைத் தவிர வழி இல்லம்மா" என்றார். நம் ஊரில் மஞ்சள் நோட்டீஸ் என்று சொல்கிறோமே, அதுதான். "கட்ட முடியாதவரு கட்ட முடியலைன்னு கோர்ட்ல சொல்றது குத்தமில்ல. இருக்கிற சொத்தை ஒப்படைக்கணும். கடன் குடுத்தவங்க பேரு ஒண்ணு விடாம எழுதணும். ஒருத்தரை மறைச்சாலும் தப்பு. ஆனா உங்கப்பாதான் கையெழுத்துப் போடணும்."

வீட்டுக்கு வந்து தாளில் நடுவே கோடு போட்டேன். ஒரு பக்கம் போட்டால், மறுபக்கம் போடாவிட்டால். போடாவிட்டால் வட்டி ஏறும், ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். போட்டால் வீடு போகும், தேவாரம் ஊரில் பேசி வைத்த என் கல்யாணம் நிற்கும், போடி பஜாரில் அப்பா பெயருக்கு முன்னால் 'ஐ.பி. குடுத்தவன்' என்று ஒட்டிக்கொள்ளும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் போடுவதே சரி என்று வந்தது. அப்பாவிடம் தாளைக் காட்டினேன். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"நம்பிக் காயைக் குடுத்தவுக பேரை, வட்டிக்கு விட்டவன் பேரோட சேர்த்து எழுதச் சொல்றியா தாயி? அதுக்கு நான் இல்லாமப் போயிரலாம்."

மறுநாள் காலையில்தான் காலண்டர் தாளைப் பார்த்தேன்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். பகலில் அப்பாவோடு கொஞ்ச நாள் இருக்க முடியுமா என்று கேட்டேன். "இருக்கலாம்தான் ஆத்தா. அங்க வந்து உக்காந்தா, அண்ணன் கடனுக்கு எங்களையும்ல பிடிப்பாங்க" என்றார். அவர் மேல் கோபம் இல்லை. நான் கேட்ட மற்ற இரண்டு சொந்தக்காரர்களும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். நான் வேலைக்குப் போகாவிட்டால் அரிசி இல்லை. போனால், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அப்பா தனியாக இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு ராசிங்காபுரத்தில் இருக்கும் நம் ஆத்தா கோயிலுக்கு வந்தேன். அவர் கோயிலுக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் பூக்கேட்க நின்றேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம். நான் படித்த படிப்புக்கு இது நாணயம் சுண்டுவது மாதிரிதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்குச் சுண்ட நாணயமும் இல்லை.

கண்ணை மூடி, "அப்பா கையெழுத்துப் போட வேண்டுமா?" என்று கேட்டேன். கேட்ட கையோடு, "நான் இல்லாத நேரத்தில் அப்பாவுக்கு யார் காவல்? யாரையாவது அனுப்பு" என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். பிறகு எடுத்தேன். வெள்ளை.

பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பூவுக்கு ஒரு கேள்விதான் கேக்கணும்னு தெரியாதா? நீ ரெண்டு கேட்டுப்புட்ட. இப்ப எதுக்கு வெள்ளை விழுந்துச்சுன்னு நான் என்னத்தைச் சொல்ல?"

"இன்னொரு தடவை கேக்கட்டுமா?"

"கேக்கக் கூடாது. ரெண்டுல எது வெரசாத் தேவைன்னு அவளுக்குத் தெரியும். போ."

வேலையில் நான் புதுப் பையன்களுக்குச் சொல்வது இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு வயரைத்தான் தொட வேண்டும், இரண்டைத் தொட்டால் எதனால் மோட்டார் ஓடியது என்று தெரியாது. அதே தப்பை ஆத்தா முன்னால் செய்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

திங்கள் காலை நான் செருப்பு மாட்டும்போது வாசலில் சத்தம் கேட்டது. ஈஸ்வரி அக்கா. சிலமலைக் கிராமத்துக்காரர். மலையில் அரை ஏக்கர் வைத்திருப்பவர், அந்த ஆறு பேரில் ஒருவர். இடுப்பில் ஏலக்காய் மூட்டை, கையில் இரண்டு முறம்.

"எங்கண்ணே உன்னையக் காணோம்? வெளிய வா! எங்காயை வித்துத் தின்னுட்டுக் கட்டில்ல படுத்துக்கிட்டா விட்டுருவேனா?"

தெரு முழுக்கக் கேட்டது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். "அக்கா, கெஞ்சிக் கேக்கிறேன், மெதுவாப் பேசுங்க. அப்பாவுக்கு மனசு சரியில்ல."

"மனசு சரியில்லையா? எனக்கும்தான் பணம் சரியில்ல. நீ சோலிக்குப் போ பிள்ள. நான் இங்கதான் இருப்பேன். பாக்கி வர்ற வரைக்கும் தினம் வருவேன்."

வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். வியாபாரிகள் கொடுக்கும் காயை வீட்டுக்கு வாங்கி வந்து, காம்பு கிள்ளி, வெடித்ததையும் கறுத்ததையும் பொறுக்கி எடுப்பது போடிப் பக்கத்துப் பெண்கள் பலரும் செய்கிற வேலை. அந்த மூட்டையை எங்கள் படியில் அவிழ்த்தார். ஜீப்பு ஹாரன் அடித்தது. நான் போயாக வேண்டும். வளைவு வளைவாக மலை ஏறும்போது, ஆத்தாவிடம் முதல் முறையாகச் சண்டை போட்டேன். 'காவல் கேட்டேன். நீ கடன்காரியை அனுப்பியிருக்கிறாய்.'

சாயங்காலம் ஓடி வந்தேன். அக்கா அதே படியில் இருந்தார். அப்பா உள்ளே கட்டிலில். ஒன்றும் ஆகவில்லை. அக்கா முறத்தைத் தட்டிவிட்டு, "நாளைக்கும் வர்றேன்" என்று மிரட்டலாகச் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்சுக்குப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள், "நீ உள்ள இருந்தா என் கண்ணுக்குத் தெரியலை. பின்வாசல் வழியா ஓடிருவ. என் கண்ணு முன்னால வந்து உக்காரு" என்று அப்பாவைப் படிக்கு வரவழைத்துவிட்டாராம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அம்மாவின் நகையை விற்றேன். அது என்னுடையது, அப்பா கடனில் சேராது, என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு என்று அம்மா எடுத்து வைத்த சங்கிலி, வளையல், தோடு. கடையில் தட்டில் வைத்துத் தள்ளியபோது தோட்டை மட்டும் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். ஆறு பேர் பங்கையும் ஆறு கவரில் போட்டேன். ஐந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் அழுதார்.

ஈஸ்வரி அக்கா கவரைத் தொடவில்லை. "உன் பணம் எனக்கு எதுக்கு? உன்கிட்டயா காயைக் குடுத்தேன்? உங்கப்பன் கையால குடுக்கட்டும். அதுவரைக்கும் வரத்தான் செய்வேன்."

"அவர்கிட்ட எதுவும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்ல?" என்று முதல் முறையாக நானும் கத்தினேன். "அப்புறம் எதுக்கு இப்படி வதைக்கிறீங்க?"

அக்கா முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. காயைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். கவரை அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

பதினோராம் நாள் மலையில் மழை. வேலை பாதியில் நின்று, மத்தியானமே வந்துவிட்டேன். தெருமுனையிலேயே அக்கா குரல் கேட்டது.

"எட்டு எம்.எம். காய் எது, ஏழு எது தெரியலை. இந்த லட்சணத்துல நீயெல்லாம் எப்படிண்ணே தோட்டம் நடத்துன? அதான் ஐ.பி. வரைக்கும் வந்து நிக்கிற."

"அது சல்லடை பார்க்கிற சோலி. கையில எவன் பார்ப்பான்?"

அது அப்பாவின் குரல். நான் அடுத்த வீட்டுச் சுவரோரமாகவே நின்றுவிட்டேன். படியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு முறம் வைத்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறம் யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாளே அவர் இரண்டு முறம் கொண்டுவந்திருந்தார்.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். அக்காதான் பேச்சை எடுத்தார். "ஏண்ணே, அந்தக் கையெழுத்தைப் போட்டாத்தான் என்ன?"

"போட்டா உன் பேரையும் அதுல எழுதணும் ஈஸ்வரி."

"எழுது. மொதப் பேரா எழுது. துண்டுச் சீட்டு இல்லாமக் காயைக் குடுத்தவ நானு. உன் கையால கோர்ட்டுத் தாள்ல எம்பேரை எழுதுனா, நீ பாக்கி இல்லைன்னு சொல்லலைன்னு அர்த்தம். எனக்கு அது போதும்."

பட்டியலை அப்பா தானே எழுதினார். முதல் வரியில் ஈஸ்வரி, சிலமலை. பிறகு வட்டிக்காரர்கள். பிறகு பாங்கி. பாக்கி தீர்ந்த ஐந்து பேரைத் தவிர ஒரு பெயரும் விடவில்லை. இஸ்திரிக் கடையில் இருந்த மூன்று சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் பேனாவை மூடத் தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார். நான் வாங்கி மூடினேன்.

நான் பயந்த எல்லாம் நடந்தது. தேவாரத்துச் சம்பந்தம் நின்றது. மாப்பிள்ளை நல்லவர்; அவர் அம்மா போனில் அழுதே சொன்னார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அம்மா இறந்த வீட்டை ஒப்படைத்தோம். இப்போது வாடகைக்கு இரண்டு அறை. கேஸ் நடக்கிறது. அப்பா ஒரு வியாபாரியின் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார். ஏல நாளில் மட்டும் ஏலம் நடக்கும் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவார். நானும் கேட்பதில்லை.

தைப் பொங்கலுக்கு முதல் நாள் அக்கா வந்தார். அப்பா கடையில் இருந்தார். பானையிலிருந்து கவரை எடுத்து மறுபடி நீட்டினேன். இந்த முறை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பாக்கி தீர்ந்ததை வக்கீலிடம் சொல்லிவிடச் சொன்னார்.

"அன்னைக்கே வாங்கியிருக்கலாமே அக்கா?"

"வாங்கிட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தினம் உன் வாசப்படில வந்து உக்கார்றது?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"எம்புருசன் கடன்பட்டப்போ எல்லாரும் மருவாதைக்காரங்க பிள்ள. பாவம், மனசு சரியில்லாத நேரத்துல கேக்க வேணாம்னு ஒருத்தரும் வரலை. நானும் மலைக்குக் களையெடுக்கப் போயிட்டேன். திரும்பி வர்றப்போ ஆளு உசுரோட இல்ல. அன்னைக்கு ஒரே ஒரு கடங்காரன் வந்து வாசல்ல கத்தியிருந்தா, அந்த மனுசன் எந்திரிச்சுப் பதில் சொல்லவாவது வெளிய வந்திருப்பாரு."

சொந்தங்களே, பூவுக்கு இரண்டு கேள்வி கேட்டவள் நான். எது வெரசாத் தேவையோ அதை ஆத்தா முதலில் கொடுத்தாள். மற்றதை அதன் வழியாகவே கொடுத்தாள். காவல் என்றால் அது ஆறுதல் சொல்லிக்கொண்டு வரும் என்று நான் நினைத்திருந்தேன். அது திட்டிக்கொண்டு வந்தது. நான் துரத்தப் பார்த்தேன். அவள் நகரவில்லை.

கடனில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், கட்ட முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது, ஆத்தா இருக்கிறாள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கடனில் இருந்தால், மரியாதைக்காக விலகி நிற்காதீர்கள். ஏதாவது பாக்கியைச் சாக்கு வைத்தாவது அவர் வாசலில் போய் உட்காருங்கள்.

அந்தக் காலண்டர் தாளை நான் இன்னும் கிழிக்கவில்லை. அதில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டேன். இஸ்திரிக்குக் கொடுத்த சட்டை மூன்று. மூன்றையும் அப்பா மாற்றி மாற்றிப் போடுகிறார்.