அண்ணாந்து பார்த்த கார்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் கார்களுக்கு இடம் காட்டுவது அம்சத்தின் வேலை. கார்களைப் பற்றி அவளுக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. குட்டிக் காரைக் கண்டால், "கோழிக்குஞ்சாட்டம் இருக்கு, மடியில கட்டிக்கிட்டுப் போயிரலாம்" என்பாள். உயரமான வண்டிகளைத்தான் பிடிக்காது.

சிறுவயதில் மிராசுதாரின் உயரமான கறுப்புக் கார் வந்தால், நாற்றுமுடியோடு எல்லோரும் சாலையை விட்டு வாய்க்காலில் இறங்கி நிற்க வேண்டும். உள்ளே இருந்தவரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பிறகு கொடி பிடித்துக் கூலி கேட்டார்கள், தலை நிமிர்ந்து சாலையில் நடந்தார்கள். ஆனாலும் அந்தக் கார் இன்னும் கனவில் வருகிறது. அவள் வாய்க்காலில் நிற்கிறாள், காலைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது.

ஒரு பங்குனிக் காலையில், கானல் மிதந்து வருவதுபோல ஒரு மஞ்சள் பந்தயக் கார் வந்தது. அவள் இடுப்புயரம்கூட இல்லை. கண்ணாடி இறங்கியது. பட்டு வேட்டிக்காரர் ஒருவர் கழுத்தை வளைத்து அவளை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கம்மா நிறுத்தறது?"

அம்சம் குனியவில்லை. காலடியில் இத்தனை வருஷமாக ஓடிய தண்ணீர் வடிந்துபோனது போலிருந்தது. காரென்றால் இப்படித் தாழ்வாகத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"செத்த இருங்க சார், பாத்துச் சொல்றேன்" என்றாள்.

மைதானம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.