பர்கண்டி வெள்ளையும் ஈரச் சுண்ணாம்பும்

"ஊது" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா கதவைத் திறப்பாள். மைசூரில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும் முன்பே அவள் முகம் என் முகத்தருகே வந்துவிடும். நான் சிறுமியாக இருந்தபோது அதே இடத்தில் அப்பா நின்று ஊதுவார். கௌதள்ளி என்ற கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, இந்த ஊரின் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தவர். வேலைக்குப் போன நாளில் அவர் சட்டையில் ஈரச் சுண்ணாம்பு மணக்கும். போகாத நாளில் வாயில் ஏலக்காய் மணக்கும். அந்த ஏலக்காய் எதை மறைக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். "ஏ புள்ள, போலீஸ்காரன்கூட இத்தன தடவ ஊதச் சொல்ல மாட்டான்" என்று சிரிப்பார். "அவன் உங்களக் கட்டிக்கிட்டு அழுவுலீங்களே" என்பாள் அம்மா. நான் எட்டாவது படிக்கையில் கண்கள் மஞ்சளாகி, வயிறு வீங்கி, அப்பா போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஓட்டல் நிர்வாகம் படித்தேன். இன்று நகரின் பெரிய ஓட்டல் ஒன்றில் விருந்தினருக்கு ஒயின் தேர்ந்து பரிமாறுகிறேன். இதைத் தலைநிமிர்ந்தே சொல்வேன். அம்மாவுக்கோ அது சாராயக்கடை வேலை. "உன் வாயில வாசம் வந்த அன்னிக்கே வேலைய உட்டுரோணும் கண்ணு" என்ற ஒரே நிபந்தனையோடுதான் அனுப்பினாள்.

கோடையில் பர்கண்டி ஒயின்களை ருசித்தறியும் பயிற்சி வந்தது. பிரான்சின் அந்த வட்டாரத்தில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் பெரும்பாலும் ஆளுக்கொரு திராட்சை வகைதான், மிச்சமெல்லாம் மண் செய்கிற வேலை என்றார் மேலாளர். சிவப்பின் மணத்தில் செர்ரிப் பழமும் மழை நனைத்த காட்டு மண்ணும் இருந்தன. அடுத்து, வடகோடியில் சுண்ணாம்புக்கல் நிலத்தில் விளையும் சாப்ளி என்ற வெள்ளை ஒயின். கோப்பைக்குள் மூக்கை வைத்தேன். ஈரச் சுண்ணாம்பின் மணம். பட்டப்பகலில், அந்தக் குளிர்ந்த அறையில், அப்பா வாளியோடு என் பின்னால் வந்து நின்றார். திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகள்தான் இருந்தன. வாயில் சுழற்றி, எல்லோரையும் போலவே, அதற்கென வைத்த பாத்திரத்தில் துப்பினேன்.

ஒரு சொட்டும் விழுங்கவில்லை. ஆனால் வாசம் போகாது என்று தெரியும். பேருந்து நிலையத்துக் கடையில் ஏலக்காய் இருந்தது. நான் வாங்கவில்லை. நான் மறைக்கும்படி எதுவும் செய்யவில்லை.

வாசலில் ஊதினேன். அம்மா அசையவில்லை. இத்தனை வருடப் படிப்பும் இந்த ஒரு மூச்சில் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா ஊது."

ஊதினேன்.

"வேலைக்குப் போயிட்டு வந்திருக்காரு" என்றாள், மிக மெல்ல.

வேலையை விடச் சொல்லவில்லை. இப்போதும் தினமும் வாசலில் ஊதுகிறேன். சாப்ளியை ருசித்துவிட்டு வரும் நாளில் அம்மா கண்களை மூடி நிற்கிறாள். நான் உள்ளே போன பிறகும் வெகுநேரம் கதவைச் சாத்துவதில்லை. மற்ற நாட்களில், "இன்னிக்குச் செவப்பா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, உடனே தாழ்ப்பாளைப் போட்டுவிடுகிறாள்.